வலது பக்க மூக்கு

ஜனவரி 9, வியாழன்

இந்த வீட்டில் எதுவோ செத்துக் கிடக்கிறது. எலியோ ஓணானோ தெரியாது. குசினியில் மணக்கிறது, சாமியறையில் மணக்கிறது, அலுமாரியைத் திறந்தால் என் சீலைக்குள்ளிருந்தும் வருகிறது. வேலையால் வந்த களையோடு அலுமாரியை இழுத்து, நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் டோர்ச் அடித்து, அரிசி வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கரப்பான்கூட இல்லை.

மாமி கதிரையில் இருந்தபடி நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. "எனக்கு ஒரு மணமும் வரேல்லையே பிள்ளை" என்றா. வராதுதான். இந்த வீட்டு ஆட்களுக்கு மூக்கு முகத்தில் வடிவுக்குத்தான் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "காலமை பாப்பம்" என்றார். யசோதரனுக்கு எல்லாம் காலமைதான். சீ, செத்ததோடு படுத்து எழும்ப வேண்டியிருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு மூக்குத்தி. நண்டுக் கொம்பனியில் தோடு, காப்பு, மோதிரம், மூக்குத்தி ஒன்றும் கூடாது. அவித்த நண்டின் சதையை எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம், அதற்குள் ஒரு பொட்டுத் தங்கம் விழுந்தாலும் சனியன்தான். ஆறு நாளும் ஓட்டை வெறுமனே கிடந்தால் தூர்ந்து போகும். அதனால் எங்களுடைய பெட்டைகள் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் வேப்பிலை ஈர்க்கில் ஒரு துண்டு முறித்துச் செருகி வைக்கிறேன். முந்தி, அடியில் தடித்திருக்கிற மொட்டோடு சேர்த்துத்தான் வைப்பேன். அது மாஸ்க்கில் குத்திக்கொண்டு நிற்கிறது என்று சுப்பர்வைசர் பெற்றிசியா மிஸ் முறைத்ததில் இருந்து மொட்டை வெட்டிவிட்டு, வெளியில் தெரியாமல் ஒட்ட நறுக்கி வைக்கிறேன்.

மார்கழியில் அப்படி வைத்த துண்டு ஒன்று நித்திரையில் எங்கேயோ விழுந்து தொலைந்தது. அதற்கு மாமி வைத்த கச்சேரி! "நான் சீனி வருத்தக்காரி. காலில குத்தினா விரலை எடுக்க வேண்டி வரும். உங்கட தோட்டத்துப் பழக்கத்தை இஞ்ச கொண்டு வராதை." வீடு முழுக்க என்னைக் கொண்டு திரும்பத் திரும்பக் கூட்டுவித்தா. கிடைக்கவில்லை. முற்றத்து வேம்பில் வேறொன்று முறித்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தோட்டத்துப் பழக்கமாம். எங்கள் குடும்பம் மலையிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறினது நான் பிறக்க முன்னம். நான் தேயிலைச் செடியைக் கண்டது பக்கற்றில் போட்ட படத்தில். ஆனாலும் என்னில் ஒரு பிழை கண்டால் அது எப்படியோ தோட்டத்திலிருந்துதான் வந்திருக்கும்.

இன்று விடிய எழும்பினதிலிருந்து வலது மூக்கு அடைப்பு. தடிமன் இல்லை, தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. சும்மா அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆவி பிடித்தேன். அந்த ஆவியும் நாறியது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் பொங்கி வழியும்போது எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறார்கள். எனக்கு ஓங்காளம் வந்தது. புதுப் பச்சையரிசி, புதுப் பானை, புதுப் பால். எல்லாம் அழுகின மாதிரி. வேலிக்கரைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன்.

திரும்பி வர மாமி என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தா. கோபப் பார்வை இல்லை. என்ன பார்வை அது?

ஜனவரி 15, புதன்

செத்த எலி கொம்பனி வானிலும் ஏறி வருகிறது. பாலம் தாண்டும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போனேன். கடற்காற்றும் நாறுது. மன்னார் முழுக்கச் செத்துப் போச்சோ?

ஜனவரி 19, ஞாயிறு

இவர் பாயையும் தலகணியையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். கம்பி அடைத்த விறாந்தைதான், படுக்கலாம். ஆனாலும் ஏன் என்று கேட்டேன்.

"உள்ளுக்குள்ள புழுக்கம்."

வெளியில் மழை தூறுகிறது. மாமி காலுக்கு மேசு போட்டுக்கொண்டு இருக்கிறா. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இவருக்குப் புழுங்குதாம்.

விறாந்தை மூலையில் லாண்ட் மாஸ்டர் உழவு மெசினின் ஒயில் கான் வேறு இருக்கிறது. அந்த மணத்துக்குள் படுக்கலாம், என்னோடு படுக்க ஏலாது. என்னவோ செய்யட்டும். மூன்று வருசம் ஒரு பாயில் படுத்த மனுசன்.

ஜனவரி 23, வியாழன்

மாமியின் பார்வை என்னவென்று இன்றைக்கு விளங்கியது.

வேலையால் வந்து கிணற்றடியில் வாளியை எடுத்தேன். ஓடி வந்து வாங்கினா! சீனிக் கிளினிக்குக்குப் போன இடத்தில் மிட்வைவ் நேர்ஸ் ஒருத்தி சொன்னாவாம்: பிள்ளை தங்கினால் சில பேருக்குத் தடிமன் இல்லாமலே மூக்கு அடைக்குமாம், மணம் ஒத்துக்கொள்ளாதாம், சத்தி வருமாம். "நீ ஒண்டும் தூக்காதை பிள்ளை. யசோ, தோடம்பழம் வாங்கி வா." பிள்ளை, பிள்ளை என்று அந்த வாயில் இத்தனை தேன் இருந்ததை நான் இதுவரை அறியவில்லை. இரவு விளைமீன் சொதி. பெரிய துண்டு எனக்கு.

சொதியும் நாறினதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

எனக்கும் இந்த மாதம் தள்ளித்தான் போயிருக்கிறது. நம்பலாமா? நம்பாமல் இருக்க ஏலுமா?

ஜனவரி 26, ஞாயிறு

இவர் தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கோப்பையில் வைத்துத் தந்தார். வாசலில் நின்றபடி கையை நீட்டித் தந்தார். கிட்ட வரவில்லை. பயமாக்கும் என்று நினைத்தேன். முதல் பிள்ளை, தொட்டால் என்னவும் ஆகிவிடும் என்று நினைக்கிறாராக்கும். சிரிப்பு வந்தது.

மூக்குத்தியைக் கழுவிப் போட்டேன். வலது பக்கம் முகமே பாரமாகக் கிடக்கிறது. பிள்ளைக்காக என்றால் பரவாயில்லை.

ஜனவரி 31, வெள்ளி

வந்திட்டுது.

மாமி கிணற்றடிக் கொடியில் துணியைக் கண்டிருக்கிறா. இரவுக்கு மீன் இல்லை, வாளியை வாங்க ஒருவரும் ஓடி வரவில்லை.

பெப்ரவரி 3, திங்கள்

இன்று கொம்பனியிலும் அசிங்கப்பட்டேன்.

என் தட்டுக்கு வந்த நண்டு அழுகல் என்று சொல்லி மூன்று கூடை திருப்பி அனுப்பினேன். போன கிழமையும் அனுப்பினனான். பெற்றிசியா மிஸ் வந்து மணந்து பார்த்தா, வேறு ஆளைக் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொன்னா. விடியக் கடலால் வந்த நண்டாம், ஒரு பிழையும் இல்லையாம். பிறகு என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், "ரஜிதா, கொஞ்ச நாளைக்குக் கூடை கழுவுற பக்கம் போங்கோ" என்றா.

"ஏன் மிஸ்?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

ஐந்து வருசமாகச் சதை எடுக்கிற கை. ஒரு ஓட்டுத் துண்டு என் தட்டில் விழுந்ததாக ஒருவர் சொல்லட்டும். இப்ப நண்டுக் கோதும் ஊத்தைத் தண்ணியும். அங்கே குளோரின் வேறு. வலது மூக்கு அடைத்து, இடது மூக்கு எரிந்து, வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டு போச்சு. எனக்கு இவர்கள் ஒருவரையும் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 5, புதன்

எழுதவே கூசுகிறது. எழுதத்தான் வேணும்.

ஐஸ் அறைக்குப் பின்னால் இருந்துதான் நாங்கள் மத்தியானம் சாப்பிடுவது. கொஞ்ச நாளாக எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. அரிப்பு ஊரிலிருந்து வருகிற இரண்டு பெட்டைகள் வழமையாக என்னோடு இருக்கிறவை, அவையும் மற்றப் பக்கம் போய்விட்டினம். தாராபுரத்து ஸரீனா அக்கா மட்டும் வழமை போலப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தா. நான் என் சோற்றை மூடி வைத்துவிட்டு, "இந்த இடமே நாறுது, எப்பிடி அக்கா சாப்பிடுறியள்?" என்றேன்.

அக்கா எடுத்த கவளத்தைத் திரும்பப் பார்சலில் வைத்தா.

"கோவிக்காத புள்ள. நாத்தம் இடத்தில இல்ல. உன்னிலதான்."

"வாயாலயா?"

"வாய் இல்ல. மூக்கால. நீ குனிஞ்சு மூச்சு விடக்குள்ள வருது. ரெண்டு கிழமையாச் சொல்லுவமா விடுவமா எண்டு யோசிச்சன். உனக்கு மூக்குக்குள்ள என்னமோ கெட்டுப் போய்க் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு."

சொல்லிவிட்டு எழும்பிப் போகவில்லை. அதே இடத்தில், என் தோள் முட்ட இருந்து, அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டா. அது எனக்கு விளங்கவேயில்லை.

அலுமாரி. சாமியறை. வான். பொங்கல் பால். நல்ல நண்டு மூன்று கூடை. நான் போன இடமெல்லாம் நாறினது ஏனெண்டா நான் போனதாலதான். வீட்டை இழுத்துப் போட்டு எலி தேடினன். மாமி கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தா. தெரிஞ்சிருக்குமோ அப்பவே?

புழுக்கம்.

புழுக்கமாம்!

பெப்ரவரி 6, வியாழன்

பல்லை மூன்று தரம் தீட்டினேன். நாக்கை வழித்து வழித்து இரத்தம் வந்தது. வேலைக்குப் போகவில்லை. ஒருவரோடும் கதைக்கவில்லை, கதைத்தால் மூச்சு போகும்.

என் கைக்குள் மூச்சை விட்டு மணந்து பார்த்தேன். சீ. சீ. சீ.

பெப்ரவரி 9, ஞாயிறு

எனக்கு மூக்கு அடைப்பு என்று சொன்னதும் (மணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவையும் திறக்கவில்லை) ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரிகிறது.

மாமி: தலையில் தண்ணி இறங்கிவிட்டது, நீ முழுகிவிட்டுத் தலை துவட்டுவதில்லை. இவர்: தலகணிப் பஞ்சு. சொன்ன கையோடு என் தலகணியைக் கொண்டுபோய் முற்றத்தில் கொளுத்திவிட்டார். தன்னுடையதைக் கொளுத்தவில்லை, அதே மரத்துப் பஞ்சுதான். பெற்றிசியா மிஸ் போனில்: குளிர் அறைக்குள் இருந்து வெயிலுக்கு வாறது, அதுதான். பக்கத்து வீட்டு சுபத்திரா அக்கா: நெல்லுத் தூசி. அறுவடை இன்னும் தொடங்கவேயில்லை அக்கா என்றேன். "போன வருசத் தூசி" என்றா.

நொச்சி அவித்துப் பிடித்தேன். மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தேன். கண் எரிந்தது, இருமல் வந்தது, மூக்கு அசையவில்லை. மாமி சுக்குத் தண்ணி கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்த வேகத்தில் கோப்பை ஆடியது. முந்தி என்றால் காணாமல் விட்டிருப்பேன். இப்போது எல்லாம் கண்ணில் படுகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்கினம், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகினம், நான் கதைக்கத் தொடங்க யார் மூச்சைப் பிடிக்கினம். அருவருப்பை மறைக்க மனுசர் படுகிற பாடு அருவருப்பை விட அசிங்கம்.

இன்றைக்கு மூக்குத்தி போடவில்லை. ஈர்க்கோடு இருந்துவிட்டேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

பாமசியில் துளி மருந்து வாங்கினேன். விட்டதும் இடது பக்கம் கதவு திறந்த மாதிரித் திறந்தது. வலது பக்கம் அசையவில்லை. மருந்து உள்ளே போகாமல் உதட்டில் வழிந்தது.

தந்த பெடியன் சொன்னான்: "அக்கா, அஞ்சு நாளுக்கு மேல விடாதேங்கோ. பிறகு இந்த மருந்தே மூக்கை அடைக்கும்." மூக்கடைப்புக்கு விடுகிற மருந்து மூக்கை அடைக்குமாம். நல்ல உலகம்.

பெப்ரவரி 13, வியாழன்

பின்னேரம் தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். டொக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "மூக்கடைப்பு? தடிமன் இல்லையோ? அலர்ஜி." எழுதி முடித்துவிட்டார். மூக்குக்குள் பார்க்கவில்லை. கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்ததை மட்டும் கண்டேன்.

குளிசை போட்டால் நித்திரை வருகிறது. நித்திரையிலும் நாறுகிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்று சொல்லிப்போட்டா.

மத்தியானச் சாப்பாடு முடிய. நான் குசினியில் தனியத்தான் சாப்பிடுகிறேன் இப்போது, ஒருவரும் சொல்லவில்லை, நானாக. மாமி குசினி வாசலில் வந்து நின்று, முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, சுகம் வரும் மட்டும் அம்மா வீட்டை போய் இருந்திட்டு வாவன்" என்றா. "அவை உங்கட முறைக்கு வைத்தியம் பாப்பினம். இஞ்ச அறுவடை வருது, ஆக்கள் வந்து போற வீடு."

ஆட்கள் வந்து போகிற வீடு. நான் ஆள் இல்லை.

இவர் முற்றத்தில் லாண்ட் மாஸ்டருக்குக் கீழே படுத்துக் கிடந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் போய் நின்று கேட்டேன், "போகட்டோ?"

திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். "உனக்கு விருப்பம் எண்டா..."

எனக்கு விருப்பம் எண்டா! எனக்கு என்ன விருப்பமெண்டு இந்த மனுசன் ஒருநாள் கேட்டவரோ? போனால் வந்து கூட்டிப்போக மாட்டார் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். பிள்ளையும் இல்லை, மணக்கிற பெண்சாதி, தோட்டத்துக் குடும்பம். ஒரு மாதம் ரெண்டு மாதமாகும், ரெண்டு மாதம் வருசமாகும். இவருக்கு ஒண்டையும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே காணும். சும்மா இருக்கிறதில இவர் கெட்டிக்காரன்.

வருகிற ஞாயிறு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஸரீனா அக்காவிடம் சொன்னேன், ஞாயிறு போகிறேன் என்று. "போறதுக்கு முந்தி வியாழன் ஆஸ்பத்திரி மூக்குக் கிளினிக்குக்கு என்னோட வா. வராட்டி வீட்ட வந்து இழுத்துட்டுப் போவன்" என்றா.

பெப்ரவரி 20, வியாழன்

விடிய முன்னம் போய் இலக்கம் எடுத்தோம். ஸரீனா அக்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு மர வாங்கில் இருந்தா. எங்கள் வாங்கு மெல்ல மெல்ல வெறுமையானது. மற்ற வாங்குகளில் ஆட்கள் நெருங்கி இருந்தினம். அக்கா, "காத்தோட்டமா ஈக்குது" என்றா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மூக்கு டொக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். முதல் கேள்வி: "ரெண்டு பக்கமும் அடைக்குதோ, ஒரு பக்கமோ?"

இத்தனை பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. வலது பக்கம் என்றேன்.

"மணமும் அந்தப் பக்கத்தாலயோ?"

மணம் என்று அந்த மனுசி சாதாரணமாகச் சொன்னா. காய்ச்சல், இருமல் என்று சொல்லுகிற மாதிரி. ஓம் என்றேன்.

தடிமன் இல்லாமல் மூக்கு அடைக்க எத்தனையோ காரணம் இருக்காம். தூசி ஒத்துக்கொள்ளாமை, உள்ளே எலும்பு வளைந்திருப்பது, சதை வளர்வது, குளிர் அறை, குளோரின், பிள்ளை தங்குவது, சில பிறசர் குளிசை, துளி மருந்தைக் கூட நாள் விடுவது. நான் மனதுக்குள் மாமிக்கும் பெற்றிசியா மிஸ்ஸுக்கும் சரி போட்டுக்கொண்டே வந்தேன். இவருடைய தலகணிப் பஞ்சுக்கும் பாதிச் சரி.

"ஆனா ஒரு பக்கம் மட்டும் அடைச்சு, மணத்தோட வடிஞ்சா, முதல்ல உள்ளுக்குள்ள ஏதும் கிடக்கோ எண்டுதான் நாங்கள் பாக்கிறது. சின்னப் பிள்ளையள் பாசிமணி, புளியங்கொட்டை எண்டு வைச்சுப்போடுங்கள். நீங்கள் மூக்குக்குள்ள ஒண்டும் வைக்கிறேல்லைத்தானே?"

"இல்லை டொக்டர்."

லைற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவ அப்படியே நின்றா. "அப்ப இதென்ன?"

என் வலது மூக்கில் இருந்த ஈர்க்கு.

அதை நான் ஒரு சாமானாகவே நினைக்கவில்லை! காதில் ஓட்டை இருக்கிற மாதிரி, அது என் மூக்கு. நாங்கள் எல்லாரும் வைக்கிறதுதானே டொக்டர், ஓட்டை தூராமல் இருக்க, கொம்பனியில மூக்குத்தி கூடாது, என்று உளறிக்கொண்டே வந்தேன். "மார்கழியில ஒண்டு விழுந்திட்டுது, வீடு முழுக்கத் தேடினனாங்கள்" என்று சொல்லி முடிக்க முன்னமே எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

விறைக்கிற மருந்து அடித்தா. நீளமான இடுக்கி ஒன்றை உள்ளே விட்டா. கண்ணுக்குப் பின்னால் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு நோ. பிறகு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தில் விழுந்தது. கறுப்பாய், ஊதி, சளியும் சீழும் இரத்தமும் அப்பிப்போய். ஒரு சின்ன விரல் நகத்தின் நீளம். அந்த அறை முழுக்க அந்த மணம். நேர்ஸ் ஓடிப்போய் யன்னலைத் திறந்தா. டொக்டரே ஒரு தரம் முகத்தைத் திருப்பினா. ஸரீனா அக்கா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அல்லாஹ்வே, இதையா புள்ள இவ்வளவு நாளும் வைச்சிருந்த?" என்று சிரித்தா, கண்ணால் தண்ணி வந்தது.

ஒருவரும் மறைக்கவில்லை. எல்லாருக்கும் அருவருப்பு, எனக்கும்தான். எல்லாரும் சேர்ந்து "சீ" என்றோம். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

டொக்டர் கழுவித் துடைத்துக் காட்டினா. வேப்பீர்க்கு. நித்திரையில் உள்ளுக்கு விழ, மூச்சை உறிஞ்சினதில் மேலே போய்ச் செருகியிருக்கு. மூச்சுக் குழாய்க்குள் போகாதது நல்ல காலமாம்.

வலது பக்கத்தால் காற்று போனது. குளிராக, கண் வரைக்கும்.

பெப்ரவரி 21, வெள்ளி

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வாறன் என்று சொல்ல அல்ல. எல்லாத்தையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மொட்ட ஏன் புள்ள வெட்டுன? மொட்டுதானே அத உள்ள போகாமப் புடிச்சு வைக்கிறது? எங்க அம்மா காலத்துலருந்து வைக்கிறோம், ஒருத்தி மூக்குக்குள்ளயும் போகலயே!"

மாஸ்க்கில் தெரியக் கூடாது என்று வெட்டினேன் அம்மா. தெரியாமல் இருக்க வேணும் என்று வெட்டினேன்.

வீட்டில் சொன்னேன். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் அண்டைக்கே சொன்னனான், அந்த ஈர்க்கு ஆபத்தெண்டு!" சொன்னதுதான். தன் கால் விரலுக்கு என்று சொன்னது. இவர் "ஓ" என்றார். "அப்ப ஞாயிறு போகத் தேவையில்லை" என்று தானே தனக்குச் சொல்லுகிற மாதிரிச் சொல்லிவிட்டு லாண்ட் மாஸ்டரை ஸ்ராட் பண்ணினார்.

போகவில்லை. என் உடுப்பை அலுமாரியில் திரும்ப அடுக்கினேன். அலுமாரி பழைய பலகையும் பூச்சி உருண்டையும் மணத்தது. எலி இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

போன கிழமை மாமி வேலியடியில் சுபத்திரா அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா: "மூக்கெலும்பு வளைவு. சின்னதா ஒரு ஒப்பரேசன்." ஈர்க்கு என்று சொன்னால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் போல. நான் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "ஈர்க்கு அக்கா. உள்ளுக்குள்ள அழுகி நாறிப்போய்க் கிடந்தது" என்றேன். மாமி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நல்ல நாள்.

பெற்றிசியா மிஸ் திரும்ப மேசைக்கு விட்டுவிட்டா. "இப்ப ஓகேதானே?" என்றா, நிலத்தைப் பார்த்தபடி. "கிட்ட வந்து மணந்து பாருங்கோ மிஸ்" என்றேன். சிவந்து போனா. அவித்த நண்டு இனிப்பாக மணக்கும் என்பதையே மறந்து போயிருந்தேன்.

ஸரீனா அக்கா வலைக்குப் போடுகிற தங்கூசி நூலில் ஒரு துண்டு கொண்டு வந்து, மூக்கு ஓட்டைக்குள்ளால் கோத்து, சின்ன வளையமாக முடிந்துவிட்டா. கண்ணாடி மாதிரி, இருப்பதே தெரியாது, விழவும் விழாது. முடிச்சுப் போடும்போது அவவின் முகம் என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். அவ மூச்சைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அறுவடை. நெல்லுத் தூசியில் இரண்டு பக்கமும் அடைத்துத் தும்மித் தள்ளினேன். நல்ல, சுத்தமான தும்மல்.

இவர் இன்னும் விறாந்தையில்.

மார்ச் 23, ஞாயிறு

நெல்லெல்லாம் ஏற்றி முடிந்தது. பின்னேரம் இவர் நல்ல வாசச் சவுக்காரம் போட்டு முழுகி, பவுடரும் பூசி, சாப்பிட்டு முடிய, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"வெளியில குளிருது" என்றார்.

பங்குனி மாதம். ஒரு இலை அசையவில்லை. மனுசனின் நெற்றியில் வியர்வை பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மணம் உண்மையாகப் போய்விட்டதா என்று ஒரு அறுவடைக் காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் கோபமாகக் கேட்கவில்லை. மெல்லத்தான் கேட்டேன். "அண்டைக்கு உண்மையாப் புழுக்கமோ?"

என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மணந்தது எண்டு ஒரு சொல்லு. ஏலாமக் கிடந்தது, சொல்லப் பயமாக் கிடந்தது எண்டு ஒரு சொல்லு. அதுக்காகத்தான் காத்துக்கொண்டு நிண்டனான். சொல்லியிருந்தா தள்ளிப் படுத்து இடம் விட்டிருப்பன், சத்தியமா.

"ஓம். புழுக்கம்தான்" என்றார்.

பாயை விரித்தார். தலகணியைப் போட்டார், கொளுத்தாத அதே தலகணி. நான் எழும்பி என் பாயைச் சுருட்டினேன்.

"எங்க போறாய்?"

"விறாந்தைக்கு."

"ஏன்?"

"புழுக்கம்."

இங்கே இருந்துதான் எழுதுகிறேன். மூக்குத்தி போட்டிருக்கிறேன். முற்றத்து வேம்பு பூத்திருக்கிறது. பூவின் வாசம் இரண்டு மூக்காலும் வருகிறது.